கிழங்குப் பீரங்கி

வெடித்தபோது நான் சிரித்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அண்ணே. பின்னால் வேறு யாராவது சொல்லி நீங்க கேள்விப்பட வேண்டாம். இன்பராஜ் முகத்தைப் பொத்திக்கொண்டு கிழங்குப் பாத்திக்குள் உட்கார்ந்துவிட்டான். நடிக்கிறான் என்று நினைத்தேன். ரத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. "எந்திரிடா, ஓவரா பண்ணாத" என்றேன். அவன் கையை எடுத்தான். அதற்கப்புறம் நான் சிரிக்கவில்லை.

அந்தச் சாக்கு மேல் காலை வைக்காதீங்க. உள்ளே உருளைக்கிழங்கு. நீங்க பாட்டுக்கு, "சாக்குல என்ன தம்பி, எங்க போற" என்று கேட்டுவிட்டீங்க. கிழங்கு, மதுரைக்கு என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கலாம். எனக்கு அது வராது. கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவேன். பள்ளிக்கூடத்தை விட்டதும் அதனால்தான். கணக்கு சார் போர்டில் தப்பாகப் போட்டார். தப்பு என்றேன். "அவ்வளவு தெரிஞ்சவன் எதுக்குடா இங்க வர்ற" என்றார். சரி என்று பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பதினொன்றாவது, பாதி வருஷம். இப்போது ரோட்டோரம் ஒரு பஞ்சர் கடையில் இருக்கிறேன். மாரீஸ் என்றால் மூஞ்சிக்கு நேராகப் பேசுகிறவன் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

உங்களுக்கு வாந்தி வருமா? வந்தால் முன்னாடியே சொல்லுங்க, ஜன்னல் பக்கம் மாறிக்கொள்ளலாம். பஸ் மலை இறங்கி முடிக்கிறவரைக்கும் வளைவுதான்.

இன்பராஜ் மதுரையில் கண் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். இன்றோடு பதினோரு நாள். வலது கண் போய்விட்டது. போய்விட்டது என்றால் போய்விட்டதுதான், நான் சுற்றி வளைக்கமாட்டேன். இடது கண்ணிலும் பிளாஸ்டிக் தூள் ஏறியிருந்தது, எடுத்திருக்கிறார்கள். அந்தக் கட்டை நாளைக்கு அவிழ்ப்பார்கள். அவனுக்குப் பத்தொன்பது வயது. ஐ.டி.ஐ.யில் பிளம்பர் முடித்தவன். கொச்சியில் கப்பல் கட்டுகிற இடத்தில் பைப் வேலைக்குப் பயிற்சி எடுக்க வரச்சொல்லி லெட்டர் வந்திருந்தது. மார்ச் மாதம் மெடிக்கல். இதுவரை கடலையே பார்த்ததில்லை. "மொதல்ல கப்பலப் பாத்துட்டு அப்புறம் கடலப் பாக்கப் போறேன்டா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

செவ்வாய்க்கிழமை அவன் என்னை மேலே ஊருக்கு அனுப்பினான். அவன் அப்பாவிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பெரிய விஷயமெல்லாம் இல்லை, ஒரு வரி. போய் ரெண்டு நாள் இருந்துவிட்டு இப்போது திரும்பிப் போகிறேன். சொல்லிவிட்டாயா என்றுதானே பார்க்கிறீங்க? இருங்க. நடந்ததைச் சொன்னால்தான் புரியும்.

யார் மேல் தப்பு என்று பார்த்தால் முதலில் பன்னி மேல்தான். எங்கள் ஊர் மன்னவனூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி. பேர் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. கிழங்கும் பூண்டும்தான் விளையும். இன்பராஜ் அப்பா பேர் சடையப்பன். சொந்தமில்லை, ஆனால் சின்ன வயதிலிருந்தே மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் ஒண்ணரை ஏக்கர். இந்த வருஷம் கிழங்கு நல்ல விளைச்சல். அது எங்களுக்குத் தெரிவதற்கு முன்னாடியே காட்டுப்பன்னிக்குத் தெரிந்துவிட்டது. ஒரு தடவை இறங்கினால் டிராக்டர் விட்டு உழுத மாதிரி கிடக்கும். கரண்டு வேலி போடக்கூடாது, வெடி வைக்கக்கூடாது. ரெண்டும் சரிதான், வெடியைக் கடித்த மாட்டை நான் பார்த்திருக்கிறேன். அதற்காகப் பன்னிக்கு இலை போட்டு உட்கார வைக்க முடியுமா? மாமா தகர டின்னைத் தட்டிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருப்பார். பன்னிகளுக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது. ஜெபின் சொல்வான், "மாமா மேளம் அடிக்கலைன்னா அதுகளுக்குச் சோறு எறங்காதுடா" என்று. ஜெபின் எங்களில் மூன்றாவது ஆள். போனை நீட்டி வீடியோ எடுக்கிறதைத் தவிர வேறு எந்த வேலையும் செய்யமாட்டான்.

யோசனை என்னுடையது. அதையும் சொல்லிவிடுகிறேன். கடையில் ஒரு நாள் காற்றடிக்கிற ரப்பர் குழாயின் வாயில் ஒரு மரக்குச்சியைச் சொருகி வைத்திருந்தேன். முதலாளி தெரியாமல் திறந்துவிட்டார். குச்சி ரோட்டைத் தாண்டிப் பறந்து எதிர்க்கடைத் தட்டியில் குத்தி நின்றது. அன்றைக்கே இன்பராஜிடம் ஓடினேன். "டேய், உங்கிட்ட பைப்பு இருக்கு, எனக்குக் காத்தப் பத்தித் தெரியும். கிழங்க வச்சு அடிச்சா பன்னி ஊர விட்டே போயிரும்." மருந்து கிடையாது, நெருப்பு கிடையாது, வெறும் காற்று. காற்றுக்கு எவன் கேஸ் போடப்போகிறான்?

இன்பராஜ் உடனே சரி என்று சொல்லவில்லை. அவன் எதற்கும் உடனே சரி சொல்ல மாட்டான். ஒரு நோட்டில் படம் போட்டான். வேலைக்குப் போன வீடுகளில் மிச்சப்பட்ட பைப்புகளைச் சேர்த்தான். காற்று நிற்பதற்குப் பின்னால் தடிமனான குழாய், கிழங்கு போவதற்கு முன்னால் நீளமான குழாய், நடுவில் திருகினால் திறக்கிற ஒரு வால்வு. பின்பக்கம் மரை போட்ட மூடி. காற்றடிக்கப் பழைய பைக் டியூப்பின் மூக்கை நான் வெட்டிக்கொண்டு வந்து கொடுத்தேன். அதை வைத்துப் பைப் பசை போட்டு ஒட்டினான். ஒட்டிவிட்டு, ரெண்டு நாள் காயணும் என்றான்.

"நாலு மணி நேரம்னு டப்பாவுலயே போட்டுருக்குடா."

"அது மெட்ராஸ் வெயிலுக்குப் போட்டது. நம்மூரு குளுருக்கு ரெண்டு நாளு."

அவன் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நமக்குத் தூக்கம் வந்துவிடும், அண்ணே. ஒரு மரையை மூன்று தடவை துடைப்பான். எனக்கு அது ஆகாது. எனக்கு எதுவும் உடனே நடக்க வேண்டும். ஆனாலும் ரெண்டு நாள் பொறுத்தேன். அதை ஒருத்தரும் சொல்வதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் தோட்டத்தில் வைத்துச் சோதித்துப் பார்த்தோம். மாமா, மூட்டைக்கு ஆகாத கிழங்கை ஒரு கூடையில் ஒதுக்கித் தந்தார். மண்வெட்டி பட்டு வெட்டுப்பட்டது, வெயில் பட்டுப் பச்சை ஏறியது. நான் கைப்பம்பால் நூறு அடி அடித்தேன். முதல் கிழங்கு குழாய் வாயில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, தர்ர்ரென்று ஒரு சத்தத்தோடு காலடியில் விழுந்தது. ஜெபின் போனைப் பிடித்தபடியே, "பீரங்கிக்கு வயித்தால போகுதுங்க நேயர்களே" என்றான். இன்பராஜ் கோபப்படவில்லை. குழாய் அளவுக்குச் சரியாகக் கிழங்கைச் செதுக்கி இறுக்கமாக உள்ளே தள்ளினான். நான் இன்னும் நூறு அடி அடித்தேன். அவன் வால்வைத் திருகினான்.

அதை நீங்க பார்த்திருக்கணும். கிழங்கு போனதே கண்ணுக்குத் தெரியவில்லை. ஓடையைத் தாண்டி அக்கரைத் தண்ணீர்த் தொட்டியில் டம் என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. மாமா தோளில் கிடந்த துண்டை உருவித் தலைக்கு மேல் சுழற்றினார். "சிக்ஸருடா! சிக்ஸரு!" என்று கத்தினார். ஐம்பது வயது மனுஷன்.

பனிக்காலம் என்றால் எங்கள் பக்கம் அஞ்சு மணிக்கே இருட்டிக்கொண்டு வரும். பன்னியும் வந்தது. ஒரு தாய், பின்னால் நாலு குட்டி. நாங்கள் மூச்சுவிடவில்லை. இன்பராஜ் குறிவைத்து அடித்தான். தாய்ப்பன்னிக்கு ஒரு முழம் தள்ளி மண் தெறித்தது. அது திடுக்கிட்டுப் பத்தடி ஓடியது. நின்றது. திரும்பி வந்து மோந்து பார்த்தது. அப்புறம் நாங்கள் சுட்ட கிழங்கைக் கறுக்கு முறுக்கென்று தின்றது.

ஜெபின் மண்ணில் விழுந்து உருண்டான். "டேய், வீடு தேடிப் போய் டெலிவரி பண்றோம்டா!" மாமா சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. "தோலச் சீவிக் குடுங்கடா, அதுக்குப் பல்லு வலிக்கப்போகுது" என்றார். இன்பராஜும் சிரித்தான். நாலு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

நான் அடுத்த அடிக்கு மறுபடி காற்றடித்து வைத்துவிட்டேன். கை ரெண்டும் கழன்றுவிடும்போல வலித்தது. அப்போது இன்பராஜ் குழாய் மேல் காதை வைத்தான். பின்பக்க மூடியில் எச்சிலைத் தொட்டு வைத்தான். எச்சில் மெல்லக் குமிழி விட்டது.

"மரையில லீக்குடா. இன்னிக்குப் போதும். காலைல ரெஞ்சு கொண்டாந்து, மூடிய அவுத்து, டேப்பு சுத்தி மாட்டுறேன்."

"இதெல்லாம் ஒரு லீக்காடா? கடையில இத லீக்குன்னே சொல்ல மாட்டோம்."

"லீக்கு லீக்குதான்."

அதற்குள் அவன் அம்மா ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டது. கொச்சிக்கு அனுப்ப வேண்டிய ஃபாரத்தில் ஏதோ கையெழுத்து. ஜெபினும் கிளம்பிவிட்டான். மாமா பன்னி போன பக்கம் பார்த்துவரப் போனார். இன்பராஜ் ஓடைக் கல்லில் நின்று திரும்பிப் பார்த்தான்.

"மாரீஸு, காத்த இறக்கிட்டு வையி."

"ம்."

"டேய், கேட்டுச்சா?"

"கேட்டுச்சுடா, போ."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஜெபின் சர்ச்சுக்குப் போய்விட்டான். புல்லெல்லாம் உறைபனி, உப்பைக் கொட்டி வைத்த மாதிரி. நான் தூக்குவாளியில் டீ வாங்கிக்கொண்டு ஏழு மணிக்குத் தோட்டத்துக்குப் போனேன். இன்பராஜ் எனக்கு முன்னாடியே வந்து, காவல் கொட்டகையிலிருந்து பீரங்கியை வெளியே எடுத்துப் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். குழாயை ரெண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கி, மூடியை மேலே வைத்து, ரெஞ்ச் போட்டுத் திருகிக்கொண்டிருந்தான். குளிரில் மரை இறுகிப்போயிருந்தது போல. குனிந்து, முகத்தை மூடிக்கு மேலே வைத்து, மூச்சைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினான்.

அப்புறம்தான் முதலில் சொன்னது. மூடி பறந்து வந்து அடித்தது. பைப்பும் மூடிப் பக்கம் நொறுங்கிப்போயிருந்தது.

நான்தான் அவனைத் தூக்கினேன். தோளில் போட்டுக்கொண்டு ஓடை இறங்கி ஏறி, ரோடு வரைக்கும் ஓடினேன். பால் கொண்டுபோகிற ஜீப்பை நடுரோட்டில் நின்று மறித்தேன். டிரைவர் வைதார். ஏறி உட்கார்ந்த பிறகு வையவில்லை. கொடைக்கானலில் பார்த்துவிட்டு உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். மதுரை வரைக்கும் அவன் தலை என் மடியில்தான் இருந்தது. அவன் கத்தவே இல்லை, அண்ணே. ஒவ்வொரு வளைவுக்கும், "எங்க வந்துருக்கோம்? எங்க வந்துருக்கோம்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே வந்தான். இதே ரோடுதான்.

உள்ளே காற்று எப்படி இருந்தது என்று கேட்கிறீங்க. எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். சடையப்பன் மாமாவும் கேட்டார். தன்னையே கேட்டுக்கொண்டு, தானே பதிலும் சொல்லிக்கொண்டார்.

அவர் என்ன நினைக்கிறார் என்றால், சனிக்கிழமை சாயங்காலம் பன்னியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர், பீரங்கி வரப்பில் பனியில் கிடக்கிறதே என்று தூக்கிக் கொட்டகைக்குள் வைத்திருக்கிறார். நான் அப்போது வீட்டுக்குப் போய்விட்டேன். உள்ளே கொண்டுபோகும்போது வால்வுப் பிடி கதவு நிலையில் இடித்திருக்கிறது. "கொஞ்சம் தெறந்தாப்புல நின்னுச்சு. நான் அமுக்கி மூடிட்டேன். பயலுக காத்துப் போகட்டும்னு தெறந்து வச்சுட்டுப் போயிருக்கானுக. நான் பெரிய இவன் மாதிரி மூடி, காத்த உள்ள அடைச்சுப்புட்டேன். எம்புள்ள கண்ண நானே..." ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாரிடமும் இதைத்தான் சொன்னார். வாட்ச்மேனிடம் சொன்னார். பக்கத்து பெட்காரருக்குப் பால் வாங்க வந்த பொம்பளையிடம் சொன்னார்.

அது அப்படி நடக்காது, அண்ணே. நான் பஞ்சர் கடையில் இருக்கிறவன். வால்வு துளி திறந்திருந்தாலும் ஒரு நிமிஷத்தில் எல்லாக் காற்றும் போயிருக்கும். அப்புறம் மூடினால் என்ன, மூடாவிட்டால் என்ன? போன காற்றை யாராவது பூட்டி வைக்க முடியுமா? அவர் கை பட்டதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவருக்கு இது தெரியாது. கிழங்கைப் பற்றித்தான் தெரியும்.

சரி. சொல்கிறேன்.

நான் இறக்கவில்லை.

மறந்துபோகவில்லை. மறந்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும், ஆனால் பொய். இன்பராஜ் போன பிறகு வால்வுப் பிடியில் கையை வைத்தேன். நூறு அடி அடித்திருக்கிறேன், கை வலிக்கிறது, அதைச் சும்மா புஸ்ஸென்று விடுவதா என்று தோன்றியது. அதோடு, லீக் லீக் என்றானே, விடிய விடியக் காற்று அப்படியே நிற்கட்டும், காலையில், "பாருடா, இது லீக்கா?" என்று மூஞ்சிக்கு நேராகக் கேட்கலாம் என்று நினைத்தேன். வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

காலையில் அவன் ரெஞ்ச் போட்டதை நான் பார்த்தேன். இருபதடி தூரம் இருக்கும். கத்தியிருக்கலாம். அவன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், இறக்கினாயா என்று. கேட்கவில்லை. சொன்னால் செய்வேன் என்று அவனுக்கு நினைப்பு. மூடி இளகினதும் புஸ்ஸென்று காற்று போகும், பயந்து பின்னால் விழுவான், சிரிக்கலாம் என்று டீ வாளியோடு நின்றேன். அதனால்தான் வெடித்ததும் சிரித்தேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? கேட்டீங்க, சொன்னேன்.

இன்பராஜுக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒன்பதாவது நாள், ரெண்டு கண்ணிலும் கட்டோடு படுத்திருந்தான். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன், பேசவில்லை. என் மேல் எப்போதும் பஞ்சர் ஒட்டுகிற பசை வாசம் அடிக்கும். அதை வைத்துக் கண்டுபிடித்துவிட்டான்.

"மாரீஸு. அம்மா இருக்கா?"

"கீழ மருந்து வாங்கப் போயிருக்கு."

"நீ இறக்கலைல்ல?"

"இல்லடா."

வைவான் என்று காத்திருந்தேன். வைதிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், ரெண்டு பேரும் சண்டை போட்டிருப்போம், முடிந்திருக்கும். அவன், "அப்பா சாப்பிட மாட்டேங்குறாராம்" என்றான். "கிழங்கு தோண்ட ஊருக்குப் போனவரு ஒழுங்கா உலைகூட வைக்கலையாம். எங்க சித்தி போன்ல சொல்லுச்சு. தன்னாலதான்னு நெனச்சுட்டே இருக்காரு. நீ போயி சொல்லிரு."

"நீயே சொல்லுடா. நீ சொன்னா என்ன?"

"நான் சொன்னேன்டா. உங்க மேல தப்பு இல்லப்பான்னு நாலு தடவ சொல்லிட்டேன். அப்பனுக்காகப் பொய் சொல்றேன்னு நெனைக்கிறாரு. தலையத் தடவிட்டுப் போறாரு. உன் பேரச் சொன்னாலும் நம்ப மாட்டாரு. நீதான் தூக்கிட்டு ஓடியாந்தவன். நீயே சொல்லணும்."

"அடிப்பாரு."

"அடிக்கட்டும்டா. அடிச்சுட்டுச் சாப்பிடுவாரு." அப்புறம், "போன்ல சொல்லாத. மூஞ்சியப் பாத்துச் சொல்லு. அதானே நீ" என்றான்.

அதனால்தான் போனேன். போகிறபோது சொல்லிவிடுவது என்றுதான் போனேன்.

மாமா தனியாகத் தோண்டிக்கொண்டிருந்தார். பன்னி முக்கால்வாசியை முடித்துவிட்டது, காவலுக்கு ஆளில்லையே. நானும் மண்வெட்டியை எடுத்தேன். முதல் நாள் நாங்கள் பேசவே இல்லை. அவர் சட்டைப்பையில் என்னமோ புடைத்துக்கொண்டு நின்றது. பீடிக்கட்டு என்று நினைத்தேன். குனிந்தபோது வெளியே விழுந்தது. அந்த மூடி. வெள்ளை மூடி, ஓரத்தில் இன்பராஜ் ரெஞ்ச் போட்ட பல் தடம். எடுத்து, மண்ணைத் துடைத்து, மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார்.

அப்போது சொல்லியிருக்கலாம். "மாமா" என்றேன்.

"என்னய்யா?"

"ஒண்ணுமில்ல, தண்ணி."

தண்ணீர் எடுத்துத் தந்தார். எனக்குத் தாகமே இல்லை, ஒரு செம்பு முழுக்கக் குடித்தேன்.

சாயங்காலம் அவரே சோறு வடித்தார், எனக்காக. கிழங்கு போட்டுக் குழம்பு. எனக்குப் போட்டுவிட்டு அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிடுகிற நேரத்தில் எப்படிச் சொல்வது? சொன்னால் எனக்கும் இறங்காது. காலையில் சொல்லலாம் என்று விட்டேன். காலையில் கிழங்கு வண்டி வந்துவிட்டது. மத்தியானம் பக்கத்துத் தோட்டக்காரர் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து உட்கார்ந்தார். மாமா அவரிடமும் முதலிலிருந்து சொன்னார். கதவு நிலையில் இடித்தது, அமுக்கி மூடியது. நான் அங்கேயே உட்கார்ந்து கிழங்கில் மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆள், "விதிங்க" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு, விதியாவது மண்ணாவது என்று அவர் மூஞ்சிக்கு நேராகச் சொன்னேன். அவ்வளவு தைரியம் எனக்கு இருக்கிறது, பாருங்க.

சொல்லாமல் இருக்கவேண்டும் என்று நினைக்கவில்லை, அண்ணே. அதை மட்டும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீங்க. சரியான நேரம் வாய்க்கவில்லை.

இன்றைக்குக் காலையில் பஸ்ஸுக்குக் கூடவே வந்தார். சாக்கை அவர்தான் சுமந்துகொண்டு வந்தார். நான் கேட்டும் தரவில்லை. பன்னி விட்டுவைத்ததில் நல்ல கிழங்காகப் பொறுக்கி எடுத்தது. பாதி ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்துக்கொள்கிற நர்ஸம்மாவுக்கு, பாதி உனக்கு என்றார்.

"எனக்கு எதுக்கு மாமா?"

"நீ மட்டும் இல்லேன்னா அன்னிக்கு அவனத் தூக்கிட்டு ஓட ஆளு ஏதுய்யா? நான் மேல பன்னித் தடத்தப் பாத்துக்கிட்டு நின்னேன். இருக்குற ஒரு கண்ணும் ஒன்னாலதான்."

பஸ் தூரத்தில் வருகிற சத்தம் கேட்டது. இப்போது சொல்லிவிடு, சொல்லிவிட்டு ஏறிவிடு, அடிக்கக்கூட அவருக்கு நேரமிருக்காது என்று எனக்குள்ளே ஓடியது. வாயைத் திறந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மண்வெட்டி பிடித்த கை, காய்த்துப்போய் மரக்கட்டை மாதிரி. "அவங்கிட்டச் சொல்லு. அப்பன் தெரியாமப் பண்ணிட்டான், மனசுல வச்சுக்காதன்னு சொல்லு. எனக்கு அவன் மொகத்தப் பாத்து அதச் சொல்ல முடியல" என்றார்.

"சரி மாமா" என்றேன்.

சரி மாமா. அதுதான் நான் சொன்னது. சாக்கைத் தூக்கிப் பஸ்ஸுக்குள் போட்டேன், ஏறினேன். திரும்பிப் பார்த்தபோது அவர் கை சட்டைப்பை மேல் இருந்தது.

டம்டம் பாறை வந்துவிட்டது. டீக்குப் பத்து நிமிஷம் நிற்கும். நீங்க போய்க் குடித்துவிட்டு வாங்க, எனக்கு வேண்டாம்.

போகவில்லையா?

தெரிகிறது. எதிரே நிற்பது கொடைக்கானல் போகிற பஸ்தான். கேட்கிறது அண்ணே, நீங்க சொல்கிறது நன்றாகக் கேட்கிறது. இறங்கு, அதில் ஏறு, சாயங்காலத்துக்குள் ஊருக்குப் போய்ச் சொல்லு, சாக்கை நான் மதுரையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்கிறீங்க. வார்டு மாடியில், கடைசிக் கட்டில். இன்பராஜ் என்று கேட்டால் எல்லாருக்கும் தெரியும். நாளைக்குக் கட்டு அவிழ்க்கிறபோது நான் பக்கத்தில் இல்லாவிட்டால் பரவாயில்லை, அதைவிட இதுதான் அவனுக்கு வேண்டும் என்கிறீங்க. சரிதான். நீங்க சொல்வது நூற்றுக்கு நூறு சரி. நானாக இருந்தாலும் அடுத்தவனுக்கு அதைத்தான் சொல்லியிருப்பேன், மூஞ்சிக்கு நேரே.

அவன் முதல் கேள்வியே, "சொன்னியாடா?" என்றுதான் இருக்கும். கண் தெரிகிறதா இல்லையா என்பதெல்லாம் அப்புறம்.

ஏறுகிறேன். இருங்க, அந்த டிரைவர் இன்னும் டீ குடித்துக்கொண்டுதானே இருக்கிறார்.

கிளாஸை வைத்துவிட்டார்.

கால் மரத்துப்போயிருக்கிறது, அண்ணே. ரொம்ப நேரம் ஒரே மாதிரி உட்கார்ந்தாலே எனக்கு இப்படித்தான். விசில் அடித்துவிட்டானா? தள்ள வேண்டாம், எழுந்திருக்கிறேன் என்கிறேனே.

அதோ, அந்த பஸ் வளைவு திரும்பிவிட்டது.

சாக்கை உங்கள் பக்கம் இழுக்க வேண்டாம். என் காலடியிலேயே இருக்கட்டும்.